நாளுக்கு ஐந்து வரி

நாட்குறிப்பு என்றதும் நம்மில் பலருக்கு இரண்டு எண்ணங்கள் வரும். ஒன்று, அது தலைவர்களும் எழுத்தாளர்களும் எழுதுவது. மற்றையது, பூட்டி வைக்க வேண்டிய இரகசியம் உள்ளவர்கள் எழுதுவது. இரண்டும் நமக்குப் பொருந்தாது என்று விட்டுவிடுகிறோம். பாடக் குறிப்பு, மாதிரி வினாத்தாள், ரியூசன் கொப்பி என்று நாள் முழுவதும் எழுதும் நாம், நமது வாழ்க்கையைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை.

உயர்தரக் கலைப்பிரிவில் கற்கும் நான் இரண்டு ஆண்டுகளாக நாளுக்கு ஐந்து வரி எழுதி வருகிறேன். அது என்ன பழக்கம், அதை எப்படிச் செய்வது, வன்னியில் வாழும் நமக்கு அது ஏன் தேவை என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

எழுதி வைத்தவர்கள்

தமிழில் நாட்குறிப்பு எழுதியவர்களில் புகழ்பெற்றவர் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் துபாசியாக இருந்த அவர், 1736 முதல் 1761 வரை எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, சந்தையில் என்ன பேச்சு, யார் யாரோடு சண்டை பிடித்தார் என்றெல்லாம் பேச்சுத் தமிழிலேயே எழுதி வைத்தார். இன்று அக்காலப் புதுச்சேரியின் வரலாற்றை எழுதுபவர்கள் அந்தக் குறிப்புகளைப் பார்க்காமல் எழுத முடியாது.

ஆன் பிராங்க் நம் வயதுப் பிள்ளை. 1942 ஜூன் 12ஆம் திகதி, தனது பதின்மூன்றாவது பிறந்த நாளில் கிடைத்த கொப்பியில் எழுதத் தொடங்கினாள். ஆம்ஸ்டர்டாமில் குடும்பத்தோடு ஒளிந்திருந்த இரண்டு வருடங்களும் எழுதினாள். அவள் உயிர் தப்பவில்லை, கொப்பி தப்பியது. 1947இல் அது நூலாக வெளிவந்தது.

நமக்கு இன்னும் நெருக்கமானவர் நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம். மூன்றாம் வகுப்பு வரைதான் பள்ளிக்கூடம் போனார். ஆனாலும் 1938இல் 'காதலா கடமையா' என்ற நாவலை வெளியிட்டார். படிப்பு நின்றாலும் எழுத்து நிற்க வேண்டியதில்லை என்பதற்கு அவரைவிட வேறு சாட்சி தேவையில்லை.

எழுதி வைப்பது நமது மார்க்கத்துக்கும் புதிதல்ல. திருக்குர்ஆனின் 68ஆவது அத்தியாயத்தின் பெயரே 'எழுதுகோல்'. குர்ஆனில் மிக நீளமான வசனம், கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனம்தான். தொகை சிறிதாயினும் எழுதுவதற்குச் சலிப்படைய வேண்டாம் என்று அது சொல்கிறது.

ஒரு கணக்குக் கொப்பி

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் குடும்பமும் முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து புத்தளம் போனது. கையில் கொண்டுபோனது உடுபுடவை கொஞ்சம், ஒரு குர்ஆன், மூத்தாப்பாவின் கணக்குக் கொப்பி. காணி உறுதி வரவில்லை. கல்யாணப் படங்களும் வரவில்லை.

மூத்தாப்பா எழுத்தாளர் அல்ல, வயல் செய்தவர். அவர் எழுதியதெல்லாம் இப்படித்தான் இருக்கும்: எத்தனை புசல் விதைத்தது, எந்தத் திகதியில் முதல் மழை, யாருக்கு எத்தனை புசல் விதைநெல் கடன், யாருடைய உழவு இயந்திரம் வந்தது, வேலி அடைக்க எத்தனை கதியால். சில பக்கங்களில் காணியின் எல்லைகளையும் எழுதியிருந்தார். கிழக்கே இன்னாருடைய கிணறு, மேற்கே பாலைமரம், வடக்கே வண்டிப் பாதை என்று.

2009இன் பின் மூத்தம்மாவும் உம்மாவும் ஊருக்குத் திரும்பியபோது வளவு காடாகிக் கிடந்ததாம். பாலைமரம் மட்டும் நின்றது. கொப்பியில் இருந்த எல்லைகளை வைத்துத்தான் தேடினார்கள். பக்கத்து ஊர் ஐயா ஒருவர் வந்தார். அவருடைய குடும்பமும் கடைசிப் போரில் எல்லாவற்றையும் இழந்து, முகாமில் இருந்து திரும்பியிருந்தது. கொப்பியைப் புரட்டியவர் ஒரு பக்கத்தில் தன் தகப்பனின் பெயரைக் கண்டார். மூன்று புசல் விதைநெல் கடன். பக்கத்தில் 'தந்து முடிந்தது' என்று எழுதியிருந்தது. தன் தகப்பனின் பெயர் எழுதிய கடதாசி ஒன்றுகூடத் தன்னிடம் இல்லை என்று சொல்லி, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

வன்னியில் தமிழர் வீடோ முஸ்லிம் வீடோ, ஏதோ ஒரு காலத்தில் கடதாசிகளைத் தொலைத்த வீடுகள்தான் அதிகம். நம்மைப் பற்றிப் பிறர் எழுதிய அறிக்கைகள் நிறைய இருக்கின்றன. நமது வீட்டில் என்ன சமைத்தோம், பெருநாளுக்கு யார் வந்தார், கிணற்றுத் தண்ணீர் எப்போது வற்றியது என்பதை நாம்தான் எழுத வேண்டும். மூத்தம்மாவுக்கு இப்போது மறதி கூடிவிட்டது. காலையில் சொன்னதை மாலையில் வேறு விதமாகச் சொல்கிறார். ஆகவே என் ஐந்து வரிகளில் ஒன்று எப்போதும் அவருடையது.

ஐந்து வரிகள் எவை?

முதல் வரி: திகதி, வானிலை, கண்ணால் கண்ட ஒன்று.
இரண்டாவது: வீட்டில் ஒருவர் சொன்ன ஒரு வசனம், அவர் சொன்ன சொல்லிலேயே.
மூன்றாவது: ஒரு விலை, ஒரு சமையல் அல்லது ஒரு வேலை.
நான்காவது: விடை தெரியாத ஒரு கேள்வி.
ஐந்தாவது: அல்ஹம்துலில்லாஹ் சொல்ல ஒரு காரணம்.

பத்து நிமிடம் போதும். இஷாத் தொழுகைக்குப் பின் எழுதுவது எனக்கு வசதி. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: உணர்ச்சியின் பெயரை எழுதாமல் நடந்ததை எழுதுங்கள். "இன்று மழை, சந்தோஷமாக இருந்தது" என்று எழுதினால் அடுத்த வருடம் வாசிக்கும்போது ஒன்றும் நினைவுக்கு வராது. "இரண்டு மணிக்கு மழை பிடித்தது. உம்மா கொடியில் கிடந்த உடுப்புகளை அள்ளிக்கொண்டு ஓடினா. தம்பி வேண்டுமென்றே நனைந்தான்" என்று எழுதினால் அந்தச் சந்தோஷம் அப்படியே இருக்கும்.

குளமும் குருவியும்

எழுதத் தொடங்கியபின்தான் சுற்றுப்புறத்தை உண்மையாகப் பார்க்கத் தொடங்கினேன். ஒக்டோபரில் ஆறுமணிக்குருவி வருகிறது. இமயமலை அடிவாரக் காடுகளிலிருந்து நமது வளவுகளுக்கு வரும் குருவி அது. பச்சை முதுகு, நீலம் கலந்த சிறகு, வாலுக்குக் கீழே சிவப்பு. சருகைக் கிளறிப் பூச்சி தேடும். காலையும் மாலையும் ஆறு மணியளவில் கூப்பிடுவதால் அந்தப் பெயர். முதல் வருடம் ஒக்டோபர் 14இலும் அடுத்த வருடம் ஒக்டோபர் 9இலும் அதன் குரலை முதலில் கேட்டதாக என் கொப்பி சொல்கிறது.

அதேபோல, காலபோக விதைப்பு எப்போது தொடங்கியது, முத்தையன்கட்டுக் குளமும் தண்ணிமுறிப்புக் குளமும் எப்போது வான் பாய்ந்தன, பாலைப்பழம் எந்த மாதம் பழுத்தது என்பதையும் குறிக்கலாம். மழை தவறும் இந்தக் காலத்தில், பத்து வருடம் தொடர்ந்து எழுதிய ஒரு கொப்பி விவசாயிக்கும் பாடசாலைக்கும் பயன்படும் ஆவணம்.

படம் பார்த்த பின்

படம் பார்த்தால் "நல்ல படம்" என்று எழுதி நிறுத்தாதீர்கள். மனதில் நின்ற ஒரு காட்சியை மட்டும் எழுதுங்கள். ஈரானிய இயக்குநர் மஜீத் மஜீதியின் 'சில்ட்ரன் ஒஃப் ஹெவன்' 1997இல் வந்தது. தங்கை ஸஹ்ராவின் சப்பாத்தைத் தொலைத்த அலி, தன் சப்பாத்தை அவளோடு மாறி மாறிப் போட்டுக்கொள்கிறான். சப்பாத்துப் பரிசுக்காக மூன்றாம் இடம் வர ஓடியவன் முதலாம் இடம் வந்துவிட்டு அழுகிறான். கடைசியில் புண்பட்ட கால்களைத் தண்ணீரில் வைக்கிறான். மீன்கள் சுற்றி வருகின்றன. அந்தக் காட்சியை எழுதியபோது, ஒரு சோடி சப்பாத்தை ராத்தாவுக்குப் பின் நானும் எனக்குப் பின் தங்கையும் போட்டது நினைவுக்கு வந்தது. அதையும் எழுதினேன். பிறர் கதையிலிருந்து நம் கதைக்கு வரும் வழி அதுதான்.

மனச்சுமைக்கு

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், பல்கலைக்கழக மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுதினார்கள். மனதை வருத்திய விடயத்தை நடந்ததோடும் உணர்ந்ததோடும் சேர்த்து எழுதியவர்கள், பின்வந்த மாதங்களில் மற்றவர்களைவிடக் குறைவாகவே மருந்துக்குப் போனார்கள். எழுத்து எல்லா நோய்க்கும் மருந்தல்ல. தாங்க முடியாத கவலை இருந்தால் உம்மாவிடமோ ஆசிரியையிடமோ வைத்தியரிடமோ சொல்லத்தான் வேண்டும். ஆனால் பரீட்சைப் பயத்தைத் தாளில் இறக்கி வைத்தால் நித்திரை வருகிறது. இது நான் அனுபவித்தது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

பிள்ளையின் கொப்பியைக் கேட்காமல் திறக்காதீர்கள். திறந்தால் அவள் அடுத்த நாளிலிருந்து உங்களுக்குப் பிடித்ததை மட்டும் எழுதுவாள். அவள் ஏதாவது கேட்டால், பழைய கதைதானே என்று தள்ளிவிடாதீர்கள். ஊரில் எத்தனை கிணறு இருந்தது, முகாமில் எப்படிச் சமைத்தீர்கள் என்று சொல்லிக் கொடுங்கள்.

தோழிகளே, புதுக் கொப்பி வாங்க வேண்டியதில்லை. கடந்த தவணைக் கொப்பியின் கடைசிப் பக்கங்கள் வெறுமையாகத்தான் இருக்கும். திகதியைப் போட்டு, வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்டு, அவர் சொன்னதை இன்றிரவே எழுதுங்கள்.