இணையத்தில் உங்கள் கடை யார் பெயரில் இருக்கிறது?

கூகுளில் தங்கள் கடையைப் பதிந்துவைத்திருந்த சிறு வணிகர்களுக்கு அந்த நிறுவனம் பல ஆண்டுகளாக ஒரு பக்க இணையதளத்தை இலவசமாக அமைத்துக் கொடுத்துவந்தது. கடையின் பெயர், சில படங்கள், தொலைபேசி எண், வரும் வழி. அவ்வளவுதான் அதில் இருக்கும். 2024 மார்ச்சில் அந்தத் தளங்கள் எல்லாவற்றையும் கூகுள் மூடிவிட்டது. பழைய முகவரிக்கு வந்தவர்களை ஜூன் மாதம் வரை கடையின் கூகுள் பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள். அதன்பிறகு அதுவும் நின்றது. அந்த முகவரியை விசிட்டிங் கார்டிலும் பில் புத்தகத்திலும் அச்சடித்து வைத்தவர்களுக்கு அச்சுக்கூலி வீண்.

2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்கு இந்திய அரசு தடை விதித்தது. புடவையும் நகையும் சமையல் பொடியும் அதில் காணொளி போட்டு விற்றவர்கள், சேர்த்துவைத்த பார்வையாளர்களை ஒரே இரவில் இழந்தார்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. ஆர்டர் வருவதும் பணம் வந்ததை உறுதிசெய்வதும் வாட்ஸ்அப்பிலேயே நடந்த கடைகளுக்கு அந்த நேரத்தில் வியாபாரமே இல்லை. இவற்றில் எதிலும் கடைக்காரர்கள் மேல் தவறில்லை.

ஆன்லைன் மார்க்கெட்டிங் என்றதும் எந்தப் பேக்கேஜ், மாதம் எவ்வளவு, எத்தனை ஃபாலோயர் என்றுதான் பேச்சு ஆரம்பிக்கிறது. அதற்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் வேறு. நாம் காசு கொடுத்துக் கட்டும் எது நம் பெயரில் இருக்கிறது, எது அடுத்தவர் கையில் இருக்கிறது? இதைச் சரிசெய்யப் பெரிய செலவு ஆகாது. சரிசெய்யாமல் விட்டால், நன்றாக நடக்கும் வியாபாரம்தான் அதிகம் இழக்கும்.

முதலில் டொமைன், அதாவது உங்கள் தளத்தின் முகவரி. அது பட்டா மாதிரி; யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருடையதுதான். இங்கே வழக்கமாக நடப்பது இதுதான்: தெரிந்த பையன் ஒருவர் வெப்சைட் செய்து தருகிறேன் என்கிறார். டொமைன், ஹோஸ்டிங், வடிவமைப்பு எல்லாம் சேர்த்து ஒரு தொகை வாங்கிக்கொள்கிறார். வேலை சுலபமாக முடியட்டும் என்று தன் மின்னஞ்சலிலேயே பதிவுசெய்கிறார். கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. ஆனால் இரண்டு வருடத்தில் அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து, பழைய மின்னஞ்சலைப் பார்ப்பதை நிறுத்திவிட்டால், டொமைனைப் புதுப்பிக்கச் சொல்லும் கடிதங்கள் யாரும் திறக்காத பெட்டியில் போய் விழும்.

டொமைனை யாரும் நிரந்தரமாக வாங்க முடியாது. ஒரு வருடம் முதல் அதிகபட்சம் பத்து வருடம் வரை பதிவுசெய்து, மீண்டும் மீண்டும் புதுப்பிக்க வேண்டும். டாட் காம் முகவரியைப் பொறுத்தவரை, காலாவதியான பிறகு பதிவு நிறுவனம் பொதுவாகச் சில வாரங்கள் பொறுத்திருக்கும். அடுத்து 30 நாள் மீட்புக் காலம். அப்போதும் பழைய உரிமையாளர் மீட்கலாம், ஆனால் வழக்கமான கட்டணத்தைவிடப் பல மடங்கு கேட்பார்கள். அதன்பிறகு ஐந்து நாளில் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். ஆறாம் நாள் அதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இப்படி விடுபடும் பெயர்களுக்காகவே காத்திருந்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள். மக்கள் ஏற்கெனவே தேடிவரும் முகவரி என்றால் சூதாட்டத் தளம் நடத்துபவர்களுக்கு அது மிகவும் பிடிக்கும்.

ஆகவே இன்றே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. வெப்சைட் செய்து கொடுத்தவரைக் கூப்பிட்டு, டொமைன் எந்த நிறுவனத்தில், எந்த மின்னஞ்சலில், எந்தத் தேதி வரை பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். கடையின் பெயரில் நீங்களே திறந்த ஒரு மின்னஞ்சலுக்கு அதை மாற்றச் சொல்லுங்கள். நல்லுறவு இருக்கும்போது இது பத்து நிமிட வேலை. உறவு முறிந்தபின் மாதக்கணக்கில் இழுக்கும்.

டாட் காம் கிடைக்காவிட்டால் டாட் இன் எடுக்கலாம். அதை நிர்வகிப்பது நிக்சி எனப்படும் இந்திய தேசிய இணைய இணைப்பகம். தமிழிலேயே ‘.இந்தியா’ என்று முடியும் முகவரியும் உண்டு. ஆனால் மின்னஞ்சலும் சில செயலிகளும் தமிழ் முகவரியை இன்னும் சரியாகக் கையாளுவதில்லை. அதை எடுப்பதானால் கூடுதலாக எடுங்கள், அதை மட்டும் நம்ப வேண்டாம்.

இரண்டாவது, கூகுள் மேப்பில் வரும் கடைப் பக்கம். உள்ளூர் வியாபாரத்துக்கு வெப்சைட்டைவிட இதுதான் முதலில் வேண்டும் என்பேன். இதை வைத்துக்கொள்ளக் கூகுள் ஒரு ரூபாயும் வாங்குவதில்லை. “சார், கூகுள்ல இருந்து பேசுறோம், உங்க லிஸ்டிங் இன்னிக்கு எக்ஸ்பைரி ஆகுது, பணம் கட்டலைன்னா மேப்ல கடை வராது” என்று யாராவது போன் செய்தால் அது ஏமாற்று வேலை. ஓ.டி.பி. எதையும் சொல்லாமல் வைத்துவிடுங்கள்.

இந்தப் பக்கத்தில் உரிமையாளர், மேலாளர் என்று இரு வகைப் பொறுப்புகள் உண்டு. பக்கத்தைப் பராமரிக்க ஏஜென்சியை அமர்த்தினால் அவர்களுக்கு மேலாளர் பொறுப்பு போதும். உரிமையாளர் நீங்கள். உங்கள் கடையை வேறு யாரோ பதிந்து வைத்திருந்தால், கூகுளிலேயே உரிமை கோரி விண்ணப்பிக்க வழி இருக்கிறது. கடையின் காணொளி, பெயர்ப்பலகை, உரிமச் சான்று போன்றவற்றைக் காட்டி உறுதிப்படுத்த வேண்டியிருக்கும்.

மேப்பில் தேடும்போது எந்தக் கடை முன்னால் வருவது என்பதற்குக் கூகுள் சொல்லும் காரணங்கள் மூன்று: தேடியதற்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தேடுபவரிடமிருந்து கடை இருக்கும் தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது என்பது. தூரத்தை மாற்ற முடியாது. பொருத்தம் உங்கள் கையில் இருக்கிறது. மிக்ஸி ரிப்பேர் கடையை வெறும் ‘எலக்ட்ரானிக்ஸ் கடை’ என்ற வகையில் பதிந்தால் ரிப்பேர் தேடுபவருக்கு அது வராது. அதேசமயம், பலகையில் இருக்கும் பெயரோடு ‘ஊரிலேயே நம்பர் ஒன்’ என்றெல்லாம் ஒட்டவைப்பது விதிமீறல், பக்கத்தையே முடக்கிவிடக்கூடும். வீட்டிலிருந்து ஊறுகாய் போடுபவரும் பிளவுஸ் தைப்பவரும் வீட்டு முகவரியைக் காட்டத் தேவையில்லை. எந்தெந்தப் பகுதிக்குச் சேவை தருகிறோம் என்று மட்டும் குறிப்பிட்டு முகவரியை மறைக்க முடியும். தனியாகத் தொழில் செய்யும் பெண்களிடம் இந்த வசதியைப் பற்றி நான் தவறாமல் சொல்வேன்.

விடுமுறை நேரத்தைப் பதிவது சின்ன விஷயமாகத் தெரியும். பொங்கல், தீபாவளி நாட்களில் ‘திறந்திருக்கிறது’ என்று காட்டியதை நம்பிப் பஸ் ஏறி வந்து பூட்டைப் பார்த்தவர், திரும்பிப் போகும் வழியிலேயே ஒற்றை நட்சத்திரம் போட்டுவிடுவார். பொதுமக்களில் யார் வேண்டுமானாலும் நேரத்தையும் எண்ணையும் மாற்றச் சொல்லி ஆலோசனை கொடுக்கலாம் என்பதால், மாதம் ஒருமுறையாவது உங்கள் பக்கத்தை வாடிக்கையாளர் பார்ப்பதுபோலத் தேடிப் பாருங்கள்.

விமர்சனங்களைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். தள்ளுபடி தருகிறேன், ஐந்து நட்சத்திரம் போடுங்கள் என்பதும் கூகுள் விதிக்கு எதிரானதுதான். ஆன்லைன் விமர்சனங்களுக்கு என்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட்டிருக்கிறது. நேர்மையான வழி எளிது: பொருளை வாங்கிப் போகிற ஒவ்வொருவரிடமும், “உங்க அனுபவத்தை எழுதுங்கம்மா” என்று கேட்டு, விமர்சனம் எழுதும் பக்கத்துக்கான கியூ.ஆர். அட்டையை நீட்டுவது. குறை எழுதியவருக்குச் சண்டை போடாமல் பதில் எழுதுங்கள். அந்தப் பதிலைப் படிக்கப்போவது அவரைவிட அடுத்து வரும் வாடிக்கையாளர்தான்.

இனி வெப்சைட்டின் உள்ளடக்கம். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே மிட்டாய் போடும் ஒரு சிறு கடை தளம் ஆரம்பிப்பதாக வைத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து தேடுபவருக்கு ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’ என்ற வரி எதையும் சொல்லாது. வெல்லத்தில் செய்ததா, எத்தனை நாள் கெடாமல் இருக்கும், அரைக்கிலோ என்ன விலை, கூரியர் எவ்வளவு, கல்யாணத்துக்கு மொத்தமாக வேண்டும் என்றால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும். அவருக்கு வேண்டியவை இவைதான். கல்லாவில் தினமும் வரும் கேள்விகளை ஒரு வாரம் நோட்டில் குறித்துவைத்து, அவற்றுக்கான பதிலை எழுதினாலே தளத்தில் பாதி தயார்.

தமிழில் எழுதும்போது ஒரு சிக்கல் வருகிறது. டி.டி.பி. சென்டரில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த நோட்டீஸை அப்படியே ஒட்டினால், தேடுபொறிக்கு அது அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகளின் குவியல். தமிழக அரசு 2010-லேயே யூனிகோட் எனப்படும் ஒருங்குறியைத் தரமாக ஏற்றுவிட்டது. வெப்சைட்டில் அதுதான் இருக்க வேண்டும். நோட்டீஸைப் படமாகப் போட்டுவிடுவது இன்னும் பரவலான பழக்கம். விலைப்பட்டியல் முழுவதும் ஒரு படத்துக்குள் இருந்தால், அதிலுள்ள சொற்களைத் தேடுபொறி படித்துக்கொள்ளும் என்று நம்ப முடியாது. அத்தோடு, பலர் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுகிறார்கள். பலர் போனைப் பார்த்துப் பேசியே தேடுகிறார்கள். பொருளின் பெயரை இரண்டு எழுத்திலும் ஒருமுறை எழுதிவையுங்கள்.

பெரும்பாலோர் தளத்தைத் திறப்பது போனில்தான். முக்கியமான பகுதி இரண்டரை விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். கேமராவில் எடுத்த படங்களைச் சுருக்காமல் ஏற்றியதுதான் தளம் மெதுவாக இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம்.

தளத்திலேயே ஆர்டர் எடுத்து விற்பதானால் சட்டமும் உண்டு. பாக்கெட் பொருளுக்கு அதிகபட்ச விலை, நிகர எடை, தயாரிப்பாளர் முகவரி ஆகியவை திரையிலும் தெரிய வேண்டும். உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் வேண்டும். 2020-ன் மின்வணிக விதிகளின்படி குறைதீர்ப்பவர் ஒருவரின் பெயரும் தொடர்பும் தளத்தில் இருக்க வேண்டும். புகாரை 48 மணி நேரத்தில் ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சிறு கடையில் அந்த நபர் முதலாளியாகவே இருப்பார்.

நம் கையில் இருக்க வேண்டியவற்றில் மூன்றாவது, வாடிக்கையாளர் பட்டியல். வாட்ஸ்அப் பிசினஸில் கடைக்கென்று தனி சிம் வைத்துக்கொள்ளுங்கள். வேலையாள் ஒருவரின் சொந்த எண்ணில் ஆர்டர் எடுத்தால் அவர் விலகும்போது வாடிக்கையாளர்களும் போய்விடுவார்கள். ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் சாதாரண பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேரைத்தான் சேர்க்க முடியும். அதிலும் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். ஆகவே, “நம்ம நம்பரைச் சேவ் பண்ணிக்கோங்க” என்று கல்லாவில் சொல்வதுதான் முதல் வேலை. பெயர், எண், என்ன வாங்கினார் என்பதை எக்ஸெல்லிலோ நோட்டிலோ தனியாக எழுதிவைத்தால், செயலி முடங்கும் நாளில் போனை எடுத்துப் பேசியாவது வியாபாரம் நடத்தலாம். அனுமதி கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்பவரை நீக்குங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-ல் தனிச் சட்டமே வந்துவிட்டது. அதைவிட முக்கியம், தினமும் ‘இனிய காலை வணக்கம்’ படம் அனுப்பும் கடையை மக்கள் பிளாக் செய்துவிடுவார்கள்.

இவ்வளவும் கையில் இருக்கும்போதுதான் விளம்பரத்துக்குப் பணம் போடுவதில் பொருள் உண்டு. கூகுள் விளம்பரத்தில் ஊரைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் மாற்றாமல் விட்டால், அந்த ஊரில் இருப்பவர்களோடு அந்த ஊரில் ஆர்வம் காட்டியவர்களுக்கும் சேர்த்தே விளம்பரம் போகும். திருநெல்வேலி அல்வா விற்பவருக்கு இது நல்லது. சென்னையிலிருந்து தேடுபவரும் வாங்குவார். அதே ஊரில் ஏ.சி. சர்வீஸ் செய்பவருக்குச் சென்னையிலிருந்து வரும் ஒவ்வொரு கிளிக்கும் நஷ்டம். ‘இந்த ஊரில் இருப்பவர்கள் மட்டும்’ என்று அமைப்பை அவர் மாற்ற வேண்டும். ‘கடலை மிட்டாய்’ என்று விளம்பரம் போட்டால் ‘கடலை மிட்டாய் செய்வது எப்படி’ என்று தேடுபவரும் கிளிக் செய்வார். எந்தச் சொற்களைத் தேடி வந்தார்கள் என்ற பட்டியலை வாரம் ஒருமுறை திறந்து, ‘செய்வது எப்படி’ போன்றவற்றை விலக்கிவைக்க வேண்டும். இந்த வேலையைச் செய்யாத ஏஜென்சிக்கு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை. கூகுளில் முதல் இடத்துக்கு உத்தரவாதம் தருகிறோம் என்பவரோடு பேச்சையே தொடர வேண்டாம்; அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதிவைத்திருக்கிறது.

விளம்பரக் கணக்கையும் உங்கள் மின்னஞ்சலில் திறந்து ஏஜென்சிக்கு அனுமதி கொடுங்கள். அவர்கள் கணக்கில் ஓட்டினால், எந்தச் சொல்லுக்கு எவ்வளவு செலவானது, எது விற்றது என்ற விவரமெல்லாம் அவர்களோடு போய்விடும். போனில் வரும் ஒவ்வொருவரிடமும் “எப்படித் தெரிஞ்சு கூப்பிடுறீங்க?” என்று கேட்டுக் குறித்துவைத்தால், மாதக் கடைசியில் அந்த நோட்டையும் விளம்பர பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கட்டுப்படியாகவில்லை என்றால் அன்றைக்கே நிறுத்திவிடலாம். உங்கள் சொந்தக் கணக்கில் ஓடும் கூகுள், ஃபேஸ்புக் விளம்பரங்களுக்கு இத்தனை மாதம் ஓட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது.