கன்று வீசிய மாடும் விட்டு விட்டு வந்த காய்ச்சலும்

பிள்ளைச்சாவடியில் ஒன்றரைக் காணியில் மல்லாட்டையும் காய்கறியும் போடுகிறேன். பதினோரு வருசமாக உரக்கடைப் பக்கம் போனதில்லை. கொட்டகையில் நிற்கும் ஆறு மாடுதான் எனக்கு உரக்கடை. அந்த மாட்டிலிருந்து வந்த நோயால் ஐந்து மாதம் படுத்துக் கிடந்தேன் என்றால் சிலருக்குக் கோபம் வரும். மாட்டைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நான் தெரியாமல் செய்த தப்பை நீங்களும் செய்யக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

சந்தையில் வாங்கி வந்த செவலைப் பசு ஒன்று ஏழு மாதச் சினையில் கன்று வீசிவிட்டது. "கண்ணு பட்டுடுச்சுப்பா" என்றார் அம்மா. இளங்கொடி விழவில்லை. மறுநாள் வரை பார்த்துவிட்டு நானே கையை விட்டு எடுத்தேன். கையுறை கிடையாது. மல்லாட்டை பிடுங்கிய கை, விரலெல்லாம் கீறல். எடுத்த கொடியை வழக்கம்போல வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டினேன். காக்கா கொத்தியது, நாய் இழுத்துக்கொண்டு போனது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் ஆரம்பித்தது. சாயங்காலம் ஏறும், ராத்திரி பாய் நனைகிற அளவுக்கு வேர்க்கும், காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். நாலைந்து நாள் வரும், ஒரு வாரம் விடும், திரும்ப வரும். இடுப்பு வலியில் குனிந்து சாணி அள்ள முடியவில்லை. டைபாய்டு என்று ஓர் இடத்தில் மருந்து கொடுத்தார்கள், மூட்டுவாதம் என்று இன்னோர் இடத்தில் சொன்னார்கள். நிலவேம்புக் கசாயமும் குடித்துப் பார்த்தேன். ஒன்பது கிலோ இளைத்துப் போனேன்.

கடைசியில் போன ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டரம்மா கேட்டார்: "மாடு வெச்சிருக்கீங்களா ஐயா? சமீபத்துல எதுவும் கன்னு வீசுச்சா?" ஐந்து மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. நானாகவும் யாரிடமும் சொல்லவில்லை. மாட்டுக்கு வந்ததை மனுச டாக்டரிடம் எதற்குச் சொல்வது என்று இருந்துவிட்டேன். ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். புருசெல்லோசிஸ் என்று வந்தது. கால்நடை மருத்துவர்கள் கன்று வீச்சு நோய் என்கிறார்களே, அதே கிருமிதான்.

ஆறு வாரம் டாக்ஸிசைக்ளின், ரிஃபாம்பிசின் மாத்திரைகள் சாப்பிட்டேன். சிறுநீர் ஆரஞ்சாகப் போகும், பயப்படாதீங்க என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். இரண்டாம் வாரமே காய்ச்சல் நின்றுவிட்டது. "நின்னுடுச்சுன்னு மாத்திரையை விட்டீங்கன்னா திரும்ப வரும்" என்று கண்டிப்பாகச் சொன்னார் டாக்டரம்மா. இந்தக் கிருமி நம் உடம்பின் அணுக்களுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். அதனால்தான் ஒரே மருந்தும் ஒரு வார மருந்தும் போதாது.

ஆட்டைச் சந்தேகிக்கப் பல வருசம்

இந்த நோய்க்கு மால்டா காய்ச்சல் என்று பழைய பெயர் உண்டு. மால்டா தீவில் இறந்துபோன ஆங்கிலேயச் சிப்பாய்களின் மண்ணீரலில் இந்தக் கிருமியை டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர் கண்டறிந்து 1887-இல் எழுதினார். கிருமி தெரிந்தும் அது எங்கிருந்து வருகிறது என்பது தெரியவில்லை. 1905-இல்தான் தெமிஸ்டோக்ளிஸ் சம்மிட் என்ற மால்டா மருத்துவர், பார்க்கத் திடமாக இருந்த ஆடுகளின் ரத்தத்தைச் சோதித்து ஆட்டுப்பாலைக் காட்டினார். மறு வருசம் படைக்கு ஆட்டுப்பாலை நிறுத்தியதும் காய்ச்சல் மளமளவென்று குறைந்தது. இதற்கிடையே 1897-இல் டென்மார்க்கில் பெர்ன்ஹார்ட் பாங் என்பவர் மாடுகள் கன்று வீசுவதற்கு ஒரு கிருமி காரணம் என்று கண்டிருந்தார். இரண்டும் உறவுக் கிருமிகள் என்று 1918-இல் அமெரிக்காவின் ஆலிஸ் இவான்ஸ் அம்மையார் எழுதியபோது பலர் நம்பவில்லை. பிறகு அவருக்கே இந்த நோய் தொற்றியது.

நம் பக்கத்துக் கதையும் உண்டு. கர்நாடகத்தின் பிஜாப்பூரில் மருத்துவர் மந்தூரும் அவருடன் இருந்தவர்களும் 16 ஆண்டுகளில் 495 பெரியவர்களிடம் இந்த நோயைக் கண்டு 2006-இல் எழுதினார்கள். தேடியதால்தான் அத்தனை பேர் கிடைத்தார்கள். தேடாத ஊரில் இது பெயரில்லாத காய்ச்சலாகவே போய்விடும்.

ரத்தச் சோதனையில் ஒரு சிக்கல்

எனக்கு வந்ததும் வீட்டில் எல்லோருக்கும் சோதித்தோம். என் மனைவிக்கு 1:80 என்று வந்தது. அவள் பயந்துவிட்டாள். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். நோய் புழங்குகிற இடத்தில் மாட்டோடு வாழ்கிறவர்களுக்கு, நோயே வராமலும் ரத்தத்தில் கொஞ்சம் எதிர்ப்புச் சக்தி தெரியும். பொதுவாக 1:160-க்கு மேல் இருந்தால்தான் கவனிப்பார்கள். நோய் புழங்கும் ஊர்களில் 1:320 வரை பார்ப்பவர்களும் உண்டு. காய்ச்சல், வேர்வை, மூட்டுவலி இல்லாதவருக்கு வெறும் எண்ணைப் பார்த்து மருந்து கொடுப்பதில்லை. மூன்று வாரம் கழித்துத் திரும்பச் சோதித்தார்கள். ஏறவில்லை. மருந்தும் தரவில்லை. அதேபோல, குணமான பிறகும் என் ரத்தத்தில் அந்த எதிர்ப்பு பல மாதம் தெரியும், அதை வைத்து மறுபடி நோய் என்று நினைக்கக்கூடாது என்றும் சொன்னார்.

செவலையை என்ன செய்வது?

ஆறு மாட்டுக்கும் ரத்தம் எடுத்தோம். செவலைக்கு மட்டும் நோய் இருந்தது. பெரும்பாலும் ஒரு தடவைதான் வீசுமாம். அடுத்த ஈற்றில் ஒழுங்காகக் கன்று போடும், பாலும் கறக்கும். ஆனால் பாலிலும், ஈனும்போது வரும் நீரிலும் கொடியிலும் கிருமி வந்துகொண்டே இருக்கும். மாட்டுக்கு இதைக் குணமாக்கும் நடைமுறை மருத்துவம் இல்லை.

தரகர் வந்தார். "சந்தைக்கு ஓட்டிடலாம்ணா, யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். நல்ல விலையும் சொன்னார். மருத்துவச் செலவில் கடன்பட்டிருந்த நேரம், உண்மையைச் சொன்னால் மனசு ஆடியது. ஆனால் எனக்கும் அப்படித்தானே யாரோ விற்றிருப்பார்கள்? நோயுள்ள மாட்டைச் சந்தைக்குக் கொண்டுபோவது 2009-ஆம் ஆண்டு கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படியும் குற்றம். விற்கவில்லை. கால்நடை மருத்துவரைக் கேட்டு, அதைத் தனியாகக் கொல்லை மூலையில் கட்டினேன். இனி சினைக்கு விடுவதில்லை. ஈனாத மாட்டிலிருந்து கிருமி வெளிவருவது மிகவும் குறைவு. அதன் சாணத்தைச் சூடேறும் கம்போஸ்ட் குவியலில் மட்டும் போடுகிறேன். பஞ்சகவ்யத்துக்கு அதிலிருந்து எதையும் எடுப்பதில்லை.

நாம் செய்ய வேண்டியது

கடைசி மூன்று மாதச் சினையில் மாடு கன்று வீசினால் கண்ணேறு என்று விட்டுவிடாதீர்கள். உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். நம் குரும்பபேட்டிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

கொடியை வெறுங்கையால் தொடாதீர்கள். வீசிய கன்றையும் கொடியையும் ஆழமாகக் குழிதோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். மரத்தில் கட்ட வேண்டாம். கர்ப்பிணிகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

பச்சைப் பால்தான் சத்து என்று பிள்ளைகளுக்குக் கறந்த சூட்டோடு கொடுக்காதீர்கள். பாலைக் காய்ச்சி உறை ஊற்றிய நம் அம்மாக்கள் சரியாகத்தான் செய்தார்கள். நன்றாகப் பொங்கிக் கொதித்தால் கிருமி செத்துவிடும். வெள்ளாட்டுப் பாலுக்கும் இதேதான். ஆட்டில் வரும் வகை மனிதரை இன்னும் கடுமையாகத் தாக்கும்.

நாட்டு மாட்டுக்கு இது வராது என்று நம் கூட்டங்களில் சிலர் சொல்கிறார்கள். வரும். 4 முதல் 8 மாத வயதுக் கிடாரிக் கன்றுகளுக்கு ஆயுளில் ஒரே முறை போடும் தடுப்பூசி, 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவசம். காளைக்கும் சினை மாட்டுக்கும் போடக்கூடாது. ஊசியில் இருப்பது வலுக்குறைத்த உயிர்க் கிருமி. அதனால் மருத்துவர்தான் போட வேண்டும், நாமே போட்டுக்கொள்ளக் கூடாது.

வில்லியனூர், பாகூர் பக்கத்து நண்பர்களுக்கும் இதையே சொல்கிறேன். விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தால் டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். "மாடு வெச்சிருக்கேன், கன்னு வீசுச்சு, நான்தான் கொடி எடுத்தேன்" என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். நான் அதைச் சொல்லாததால்தான் ஐந்து மாதம் போனது.