உரிமையின் அளவு

பலர் கூடிச் செய்யும் பணி எதுவாயினும், அதில் இன்னார்க்கு இன்ன உரிமை என்னும் வரையறை வேண்டும். கணினிக்குரிய மென்பொருளை ஆக்குவோர்க்கும் இது பொருந்தும். பெரிய மென்பொருள் ஒன்றை உருவாக்குவதில் ஆயிரக்கணக்கானோர் பங்கு கொள்வதுண்டு. அவர்களுள் பலர் ஒருவரையொருவர் நேரில் கண்டதில்லை. அனைவரும் எல்லாக் கோப்புகளையும் விரும்பியவாறு திருத்தலாம் என்றால், ஒருவர் பிழை எல்லோர் உழைப்பையும் கெடுத்துவிடும்.

இவ்விடரைத் தவிர்க்க அறிஞர்கள் பல வழிகளை வகுத்துள்ளனர். அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் 1969ஆம் ஆண்டு தோன்றிய யூனிக்ஸ் என்னும் இயங்குதளம் கையாளும் வழி எளியது. ஒரு கோப்பைப் படித்தல், அதில் எழுதுதல், அதனை இயக்குதல் என உரிமை மூவகைப்படும். அதனைப் பெறுவோரும் உடையவர், குழுவினர், ஏனையோர் என முத்திறத்தினர். படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1 என்பன குறியெண்கள். ஒரு கோப்புக்கு 640 என்று குறித்தால், முதலிலுள்ள 6 என்பது 4, 2 ஆகியவற்றின் கூட்டுத்தொகை; ஆகவே உடையவர் படிக்கவும் எழுதவும் கூடும். அடுத்துள்ள 4, குழுவினர் படிக்க மட்டுமே கூடும் என்பதைக் குறிக்கும். இறுதியிலுள்ள சுழி, ஏனையோர்க்கு எவ்வுரிமையும் இல்லை என்பதை உணர்த்தும்.

ஒருவர்க்கு எவ்வளவு உரிமை தருதல் தகும்? ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்னும் அறிஞர் இருவர் 1975ஆம் ஆண்டு இதற்கு விடை கூறினர். பணிக்குத் தேவையான அளவே உரிமை தரவேண்டும் என்பது அவர்கள் உரைத்த நெறிகளுள் ஒன்று. ஒருவர் இசைவோடு மட்டும் நில்லாமல் இருவர் இசைவை வேண்டுவது மேலும் காவலாகும் என்பது மற்றொன்று.

இந்நெறிகளின் அருமையை 2024ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு செயல் விளக்கும். கோப்புகளைச் சுருக்க உதவும் எக்ஸ்-இசட் என்னும் மென்பொருளைப் பல ஆண்டுகள் தனியொருவரே பேணி வந்தார். ஜியா டான் என்ற பெயருடன் ஒருவர் 2021ஆம் ஆண்டு முதல் அவர்க்குத் துணைபுரிந்து நம்பிக்கையைப் பெற்றார். பின்னர் மென்பொருளை வெளியிடும் உரிமையையும் பெற்றார். அவ்வுரிமையைக் கொண்டே, பிறர் கணினிகளுள் புகுவதற்கான கள்ளவழி ஒன்றை அதனுள் மறைத்து வைத்தார். ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்னும் பொறியாளர், கணினியில் நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி மிகுதியாவதைக் கண்டு ஐயுற்றார். காரணத்தைத் தேடி அக்கள்ளவழியைக் கண்டறிந்து, 2024 மார்ச்சுத் திங்களில் உலகிற்கு அறிவித்தார். அதனால் பெருங்கேடு பரவுமுன் தடுக்கப்பெற்றது.

அரை நொடியைக் கவனிக்கும் கண் எப்போதும் வாய்க்கும் என எண்ணியிருத்தல் இயலாது. ஆதலின் ஒருவர் செய்த திருத்தத்தை மற்றொருவர் ஆராய்ந்து ஒப்பிய பின்னரே ஏற்பதும், பணியினின்று நீங்கியவரின் உரிமையை உடனே விலக்குவதும் நல்ல முறைகளாகும். இவை எவரையும் இழிவுபடுத்துவன அல்ல. நேர்மையுடையோர் உழைப்பு வீணாகாமல் காக்கும் வேலியே ஆகும்.