மாலி வாசிக்காத இரண்டரை நிமிஷம் (நாடாவில் வாழ்பவர்: 11)

திருவிடைமருதூர்ப் பையன் 1933இல், ஏழு வயதில், மயிலாப்பூரில் மேடையேறியதையும், வளர்ந்த பிறகு அதே மேடையிலிருந்து நழுவியதையும் பார்த்தாயிற்று. விட்டவர்கள் பழைய இதழ்களைத் தேடிக்கொள்ளவும். இன்னமும் நடிகர் டி.ஆர். மகாலிங்கம் என்று நினைத்துக் கடிதம் போடுகிறவர்களுக்கு: பெயர் ஒன்றுதான்; ஆனால் அவர் சோழவந்தான் பக்கம், நம்மவர் புல்லாங்குழல் மாலி. இந்த வாரம் மாலியின் அமெரிக்க வாசம் என்று சொல்லியிருந்தேன். நடுவில் ஒரு கேசட் வந்து குறுக்கே படுத்துக்கொண்டது.

மாலி கச்சேரிக்கு வருவாரா என்பதே சந்தேகம். வந்தாலும் நேரத்துக்கு வரமாட்டார். நடுவில் குழலை வைத்துவிட்டு எழுந்துபோன கதைகளுக்கும் பஞ்சமில்லை. ஆகவே அவர் வாசித்த இரவுகளைச் சிலர் ஸ்பூல் மெஷினில் பிடித்துவைத்தார்கள். ஸ்பூலிலிருந்து கேசட், கேசட்டிலிருந்து கம்ப்யூட்டர். இன்று நமக்குக் கிடைக்கும் மாலியில் பெரும்பங்கு இப்படிக் கைமாறி வந்ததுதான், வானொலிப் பதிவுகள் உட்பட.

இங்கேதான் கரண்ட் நுழைகிறது. பழைய ஸ்பூல் மெஷின்கள் பலவற்றில் நாடாவை இழுக்கும் மோட்டார் நேராக வீட்டு மின்சாரத்தை நம்பி ஓடுவது. நம் நாட்டில் அந்த மின்சாரம் விநாடிக்கு 50 சைக்கிள். பற்றாக்குறைக் காலங்களில் அது 48 வரை இறங்கியதுண்டு. இறங்கினால் மோட்டாரும் அதே கணக்கில் மெதுவாகும். கேசட் டெக்கின் மோட்டாரோ பெரும்பாலும் டிசி. அதற்கு இந்தக் கவலை கிடையாது. அப்படி ஒரு மாலை நேரத்தில் யாராவது ஸ்பூலைக் கேசட்டுக்கு நகலெடுத்திருந்தால், மாலியின் சுருதி 4 சதவீதம் இறங்கியிருக்கும். 6 சதவீதம் என்றால் அரைக்கட்டை. இது அதற்குக் கொஞ்சம் குறைவு. ஒரு மணி நேரக் கச்சேரி 62 நிமிஷம் 30 விநாடியாக நீளும். ஒரு நிமிஷம் கூட வாசியுங்கள் என்றால் எழுந்துபோகக்கூடிய மனிதரிடமிருந்து மின்வாரியம் இரண்டரை நிமிஷம் இனாமாக வாங்கிக் கொடுத்திருக்கிறது!

எங்கள் பள்ளிப்பட்டில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பக்கத்துத் தறிக்கொட்டகைக்காரரிடம் சொன்னேன். "கரண்ட் டல்லா இருந்தா தறி அடிக்கிற சத்தமே வேற சார்" என்றார், லுங்கிப் பாவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சுருதிதானே, போகட்டும் என்று விடமுடியாது. துளையைப் பாதி மூடி, விரலைக் குறுக்கே போட்டு, உதட்டையும் மூச்சையும் மாற்றி, வாய்ப்பாட்டின் கமகத்தை மூங்கிலுக்குள் கொண்டுவந்தவர் மாலி. நாடா மெதுவானால் அந்த அசைவும் சோம்பலாகிவிடும். "மாலி இங்கே ஏதோ நினைவில் வாசிக்கிறார்" என்று நாம் உருகும் இடத்தில் உண்மையில் களைத்திருந்தது மோட்டாராகவும் இருக்கலாம்.

கண்டுபிடிக்க வழி உண்டு; என்னைக் குதிக்க வைத்தது அதுதான். ஆலாபனை முடிந்து கீர்த்தனை தொடங்குமுன் குழல் ஓய்கிறது. யாரோ இருமுகிறார். அடியில் மெல்லிய 'ம்ம்ம்' ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. அது மைக் ஒயரிலும் ஆம்ப்ளிஃபயரிலும் ஏறிய மின்சாரத்தின் ரீங்காரம். கம்ப்யூட்டரில் அளந்தால் 50இல் நிற்கவேண்டும். என் கேசட்டில் 48இல் நின்றது. வேகத்தைக் கூட்டி அதை 50க்குக் கொண்டுவந்தேன். குழல் நிமிர்ந்தது, மிருதங்கத்தின் சாப்பு நறுக்கென்று விழுந்தது. பாட்டரியில் ஓடிய மெஷினென்றால் இந்த அளவுகோல் உதவாது.

எங்கள் ஊர் 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம். தெருவில் இன்றும் இரண்டு மொழி. தியாகராஜரைக் குழலில் கேட்டால் தெலுங்கா தமிழா என்ற பேச்சே எழாது. நின்றுபோகிறவர் எல்லாருக்கும் அது சொந்தம். இதற்கும் 50 சைக்கிளுக்கும் சம்பந்தமில்லை, சொல்லத் தோன்றியது.

ஆசிரியர் வாசலில் நிற்கிறார். அமெரிக்கா அடுத்த வாரம், சத்தியமாக. அங்கே கரண்ட் 60 சைக்கிள். அந்த ஊருக்கென்று செய்த ஸ்பூல் மெஷினை வோல்டேஜை மட்டும் சரிசெய்துகொண்டு, வேறெதையும் மாற்றாமல் இங்கே ஓட்டினால் ஒரு மணி நேர மாலி எத்தனை நிமிஷம் ஆவார்? கணக்கைப் போட்டு வையுங்கள்.