காதால் கேட்டுக் கணக்குப் பார்க்கலாம்



நெல் அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்று சொல்லித் தொடங்குவது நம் பக்கத்து வழக்கம். அளப்பவர் உரக்கச் சொல்ல, கணக்கர் காதில் வாங்கி எழுதுவார். மாதக் கடைசியில் குறிப்பேட்டை ஒருவர் படிக்க, மற்றவர் பேரேட்டை ஒத்துப் பார்ப்பார். இப்போது பணம் வரவானதும் தொகையை உரக்கச் சொல்லும் சிறு பெட்டி ஒன்று கல்லாப்பெட்டி அருகிலேயே இருக்கிறது. ஆக, கணக்கைக் காதால் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. கம்ப்யூட்டரில் உள்ள எக்செல் கணக்கையும் அப்படியே பார்க்க வழி இருக்கிறது. அதை உறுப்பினர்கள் அறிய வேண்டும் என்றே இதை எழுதுகிறோம்.

இதற்கு எங்கள் கடையில் நடந்த ஒன்றே காரணம். தேவகோட்டையில் மளிகை வியாபாரம் செய்யும் எங்கள் தகப்பனாருக்குக் கண் நீரழுத்த நோயால் பார்வை குறைந்துகொண்டே வந்தது. நாற்பது ஆண்டுகள் கல்லாவில் அமர்ந்தவர், பற்று வரவு நோட்டைப் பிறர் படிக்கக் கேட்கும் நிலைக்கு வந்தார். ஒரு நாள் கடைப் பையன் வரவு வைத்த ஒரு வரியை விட்டுப் படித்துவிட்டான். கடனை முழுதும் தீர்த்துவிட்ட ஒரு வாடிக்கையாளரிடம், கடையில் நாலு பேர் நிற்கும்போது தகப்பனார் மறுபடியும் பாக்கி கேட்டுவிட்டார். வந்தவர் பெரிய மனிதர், சிரித்துக்கொண்டே ரசீதைக் காட்டினார். தகப்பனார் மறுநாள் கடைக்கு வரவில்லை. "என் கணக்கை நான் பார்க்க முடியாதபோது எனக்கு அங்கே என்ன வேலை?" என்றார். அதன் பிறகே நாங்கள் இந்த வழியைத் தேடினோம்.

இது எப்படி வேலை செய்கிறது?

திரையில் உள்ள எழுத்தை எடுத்துக் குரலாக மாற்றிச் சொல்லும் மென்பொருளுக்கு ஸ்கிரீன் ரீடர் என்று பெயர். தமிழில் திரைவாசிப்பான் என்பார்கள். 'ஜாஸ்' என்ற மென்பொருள் 1989-ல் அமெரிக்காவில் வந்தது. அது விலைக்குக் கிடைப்பது. 'என்.வி.டி.ஏ.' என்பது இலவசம். பார்வையற்றவரான மைக்கேல் கர்ரன் என்ற ஆஸ்திரேலிய இளைஞர் 2006-ல் தொடங்கிய வேலை அது. அவரைப் போலவே பார்வையற்றவரான ஜேம்ஸ் டே பின்னர் அவருடன் சேர்ந்தார். விண்டோஸ் உள்ள சாதாரண கம்ப்யூட்டரில் இது ஓடும், தமிழையும் படிக்கும். குரல் இயந்திரக் குரல்தான். முதல் வாரம் கேட்கச் சிரமமாக இருக்கும், பிறகு பழகிவிடும்.

மவுஸ் தேவையில்லை, விசைப்பலகை போதும். அம்பு விசையை அழுத்தி ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போனால், அதில் உள்ளதையும் 'டி12' என்பது போன்ற அதன் முகவரியையும் சொல்லும். நாம் அன்றாடம் பயன்படுத்தும் சில விசைகள் வருமாறு:

கண்ட்ரோலுடன் ஹோம்: தாளின் முதல் கட்டத்துக்குப் போகும்.
கண்ட்ரோலுடன் கீழ் அம்பு: இடையில் காலிக் கட்டம் இல்லாத பத்தியானால் கடைசிப் பதிவுக்குப் போகும்.
கண்ட்ரோலுடன் அரைப்புள்ளி: இன்றைய தேதியைப் போடும்.
எஃப்2: கட்டத்தில் உள்ளதைத் திருத்த உதவும்.
ஆல்ட்டுடன் சமக்குறி: கூட்டுத்தொகை போடும்.
கண்ட்ரோல் மட்டும்: பேச்சை நிறுத்தும்.

தாளை எப்படி அமைப்பது?

இதுதான் முக்கியம். கண்ணுக்கு அழகாக உள்ள தாள் காதுக்கு உதவாது. பாக்கிதாரர் பெயரைச் சிவப்பு வண்ணத்தில் காட்டுவது நம்மில் பலர் செய்வது. வாசிப்பான் சாதாரணமாக வண்ணத்தைச் சொல்லாது. 'நிலை' என்று ஒரு பத்தி போட்டு அதில் 'பாக்கி' என்றே எழுத வேண்டும். தலைப்புக்காக நாலைந்து கட்டங்களை ஒன்றாக இணைப்பதும், நடுநடுவே வெற்று வரி விடுவதும் கேட்பவரைத் திசை தடுமாற வைக்கும்.

ஒரு தாளுக்கு ஒரு கணக்கு என்று வையுங்கள். முதல் வரியில் தேதி, எண், பெயர், விவரம், பற்று, வரவு, நிலை என்று தலைப்புகள். பிறகு ஏ1 கட்டத்தில் நின்று இன்சர்ட், ஷிப்ட், சி ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால், அந்த வரிதான் தலைப்பு என்று என்.வி.டி.ஏ. புரிந்துகொள்ளும். அதன்பின் பக்கவாட்டில் நகரும்போது வெறுமனே '500' என்று சொல்லாமல், 'வரவு 500' என்று தலைப்போடு சேர்த்துச் சொல்லும். பற்றையும் வரவையும் குழப்பிக்கொள்ள இடமே இல்லை. கோப்பைச் சேமித்தால் இந்த ஏற்பாடும் அதிலேயே இருக்கும்.

தொகைப் பத்தியில் எண் மட்டும் இருக்கட்டும். 'ரூ.500/-' என்று தட்டினால் அது எழுத்தாகிவிடும்; கூட்டலில் சேராது. அதுபோலவே '2 மூட்டை' என்பதை 2 ஒரு பத்தியிலும் மூட்டை அடுத்த பத்தியிலுமாகப் பிரித்துவிடுங்கள்.

பழைய பேரேட்டில் ஒவ்வொருவருக்கும் பக்க எண் உண்டல்லவா? அதேபோல் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஓர் எண் கொடுங்கள். ஒரே பெயரை இரண்டு விதமாக எழுதினால் கம்ப்யூட்டர் இரண்டு ஆள் என்று நினைக்கும், எண் மாறாது. 'சம்இஃப்' என்ற சூத்திரம் குறிப்பிட்ட எண்ணுக்கு உரிய தொகைகளை மட்டும் கூட்டித் தரும். மொத்தப் பற்றிலிருந்து மொத்த வரவைக் கழித்தால் நிலுவை. இதைத் தனித் தாளில் வைத்தால் நூறு வரிகளைக் கேட்டுத் தேட வேண்டியதில்லை.

இன்னொரு நன்மையும் உண்டு. சூத்திரம் உள்ள கட்டத்துக்குப் போனால் அதில் சூத்திரம் இருக்கிறது என்பதையும் வாசிப்பான் சொல்லும். யாராவது கூட்டுத்தொகையின் மேல் வேறு எண்ணைத் தட்டிவிட்டால் அந்தச் சொல் வராது. கண்ணால் பார்ப்பவருக்குத் தெரியாத தவறு, காதால் கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

சில எச்சரிக்கைகள்

கடையில் ஒலிபெருக்கியை வைத்துப் பாக்கிக் கணக்கைக் கேட்காதீர்கள். ஒருவர் கடன் அடுத்தவர் காதில் விழுவது வியாபார தர்மம் ஆகாது. காதில் மாட்டும் கருவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எழுதியதை ஒருமுறை கேட்டு, ரசீதுடன் ஒத்துப் பார்த்த பிறகே சேமியுங்கள். கோப்புக்கு நகல் எடுத்து வேறிடத்தில் வையுங்கள்.

முறையாகக் கற்க விரும்புவோர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. மதுரை சுந்தரராஜன்பட்டியில் உள்ள இந்தியப் பார்வையற்றோர் சங்கம் 1985 முதல் பார்வையற்றோரின் கல்விக்கும் பயிற்சிக்கும் பாடுபட்டு வருகிறது. சென்னை பூந்தமல்லியில் மத்திய அரசின் பார்வைக் குறைபாடுடையோர் தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. நேரில் விசாரித்துப் பயன்பெறலாம்.

பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து தொழில் செய்த நம் பகுதி முன்னோர், பையன்களைச் சிறு வயதிலேயே கணக்கில் பழக்கினார்கள். பார்வை இல்லை என்பதற்காக ஒரு பிள்ளையைக் கடைப்பக்கம் வரவிடாமல் வைத்திருக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. பார்வை மங்கியதும் சாவியைக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் அமர்ந்துவிடும் பெரியவர்களும் உண்டு. இரு சாராருக்கும் இது கைகொடுக்கும்.

எங்கள் தகப்பனாருக்குப் பழக மூன்று மாதம் ஆயிற்று. இப்போது கடை அடைக்கும் முன் அன்றைய பற்று வரவை அவரே கேட்டு முடிக்கிறார். போன மாதம் நாங்கள் இருமுறை ஏற்றிவிட்ட ஒரு பருப்பு மூட்டையைக் கண்டுபிடித்ததும் அவர்தான்.

உறுப்பினர்கள் தங்கள் வீட்டிலும் கடையிலும் தேவைப்படுவோருக்கு இதை எடுத்துச் சொல்லுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.