கட்டை கட்டிய பெண்

"இன்னும் கொஞ்சம் இறுக்குண்ணா. சுத்தும்போது ஆடுது."

காஞ்சிபுரம் பக்கத்து ஊரொன்றில், திரௌபதியம்மன் கோயிலுக்கு எதிரே தென்னங்கீற்றுத் தடுப்புக்குள் நின்றபடி இதைச் சொன்ன பெண்ணுக்குப் பதினாறு வயதிருக்கும். சில வருஷங்களுக்கு முந்தைய இரவு அது. முகத்தில் அரிதாரம் முடிந்திருந்தது. மீசையை அவளே வரைந்துகொண்டிருந்தாள். தோளில் புஜக்கட்டையை வைத்து, கயிற்றை அக்குள் வழியாகக் கொண்டுபோய் முதுகில் முடிச்சுப் போட்டார் பின்னால் நின்றவர். கண்ணாடிச் சில்லும் வண்ணத்தாளும் ஒட்டிய மரக்கட்டை. அடுத்து மார்ப்பதக்கம், கடைசியில் கிரீடம். அன்றைக்கு அவள்தான் துரியோதனன். நான் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். என் சின்ன வயசில் இதை யாராவது சொல்லியிருந்தால் ஊரே நம்பியிருக்காது.

செய்யாறு பக்கம் நாங்கள் பார்த்து வளர்ந்த கூத்தில் பாஞ்சாலியும் ஆம்பிளை, சுபத்திரையும் ஆம்பிளை. கூத்துக்காரர் வீட்டில் பிறந்த பெண்பிள்ளைக்குப் பாட்டு முழுக்க மனப்பாடம் இருக்கும். அடுப்படியில் பாடுவாள், கூத்து ஆடும் களரியில் ஏற மாட்டாள். பையன்கள் கதை வேறு. ஒன்பது, பத்து வயதில் ஜமாவோடு, அதாவது கூத்துக் குழுவோடு, கிளம்பிவிடுவார்கள். பத்து மணிக்கு மேல் தொடங்கும் கூத்து விடிய விடிய நடக்கும். தன் வேஷம் வரும்வரை பையன் திரைத்துணி மேலேயே சுருண்டு தூங்குவான். யாராவது உலுக்கி எழுப்பி, முகத்தைத் துடைத்து, குட்டிக் கிருஷ்ணனாக்கி அனுப்புவார்கள். தூக்கத்திலேயே காதில் விழுந்த விருத்தம் வாழ்நாளுக்கும் மறக்காது. அதுதான் அன்றைய பள்ளி. வாத்தியார் என்ற சொல்லே எங்கள் பக்கம் இரண்டு பேருக்குப் பொது: கரும்பலகைக்கு முன்னால் நிற்பவருக்கும், கூத்தை நடத்துகிறவருக்கும். இரண்டு வாத்தியார்களிடமும் ஒரே பையன் படிக்க முடியவில்லை என்பதுதான் துயரம். பங்குனியிலிருந்து ஆடிவரை ராத்திரி முழுக்க விழித்தவன் காலையில் எந்த வகுப்பில் உட்காருவான்? ஐந்தாவதோடு நின்றுவிடுவான். பிற்பாடு ஒப்பந்தத்தில் கைநாட்டு வைக்கும்போதும், பேசிய தொகை ஒன்றாகவும் கைக்கு வந்தது வேறாகவும் இருக்கும்போதும், அந்த நின்றுபோன வகுப்பு ஞாபகத்துக்கு வரும்.

பெருங்கட்டூர் பொன்னுசாமியின் மகன் இராஜகோபாலும் அப்படிப் பத்து வயதில் அப்பாவின் ஜமாவுக்கு வந்தவர்தான். கூத்துக்காகப் படிப்பை விட்டவர். கலைஞர்கள் சேர்ந்து 1990-இல் கட்டைக்கூத்துச் சங்கம் அமைத்தபோது அதில் முன்னின்றார். தெருக்கூத்து என்ற பெயரை ஒதுக்கி, உடம்பில் ஏறும் கட்டையை வைத்துத் தன் கலைக்குப் பெயர் சொல்வதில் அவருக்கு எப்போதும் பிடிவாதம் உண்டு. அந்தப் பிடிவாதம் எனக்கும் நியாயமாகவே படுகிறது. 2002-இல் அவரும், கட்டைக்கூத்தை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்ற அவர் மனைவி, நெதர்லாந்தைச் சேர்ந்த ஹன்னே டி புருயினும் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துக் குருகுலத்தைத் தொடங்கினார்கள். பிள்ளைகள் அங்கேயே தங்கினார்கள். கணக்கும் தமிழும் ஒரு பக்கம், அடவும் பாட்டும் ஒரு பக்கம். படிப்பா கூத்தா என்று ஒரு பிள்ளையையும் கேட்காத இடம்.

பெண்பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். இதை ஒரு வரியில் எழுதிவிட்டேன். நடந்தது அத்தனை சுலபமில்லை. கட்டைக்கூத்தில் மிருதங்கம், டோலக், முகவீணை, ஹார்மோனியம் எல்லாம் முழங்கும்போது அதற்கு மேலே குரல் எழும்ப வேண்டும். ஆண் குரலுக்கென்று வைத்த சுருதி அது. கட்டையின் சுமையும் ஆண் உடம்புக்கென்று செய்தது. அதைவிடப் பெரியது வீட்டுக் கவலை: வயசுக்கு வந்த பெண் ஊர் ஊராக ராத்திரியில் போவதா, நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள் என்பது. அப்படிக் கேட்ட தாய்மார்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஊர் வாய் எப்படிப் பேசும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். இத்தனைக்கும் நடுவில் பிள்ளைகள் ஆடினார்கள். குருகுல வளாகத்தில் விடிய விடிய நடந்த கூத்து விழாக்களில் பெரிய ஜமாக்கள் ஆடிய களரியிலேயே சிறுவர்களும் சிறுமிகளும் ஆடினார்கள். பெண்கள் மட்டுமே நடித்த கூத்தும் அங்கிருந்து வந்தது.

2020-இல் குருகுலம் மூடப்பட்டது. பதினெட்டு ஆண்டு. பாரதக் கூத்தில் யுத்தம் நடக்கும் நாளும் பதினெட்டு என்று அப்போது மனசில் பட்டது. அதை எழுதாமல் இருக்க முடியவில்லை. சங்கம் இருக்கிறது, குருகுலத்தில் படித்தவர்கள் ஆடுகிறார்கள். ஆனால் எட்டு வயதுப் பெண்குழந்தை ஒருத்தி கூத்து கற்க வேண்டும் என்று இன்று கேட்டால், பையோடு கொண்டுபோய் விட அந்த வாசல் இல்லை. பையன்கள் மறுபடி ஜமாவில்தான் கேட்டுக் கற்கிறார்கள். இப்போது ஜமா வேனில் போகிறது, பாட்டைக் கைப்பேசியில் பதிவு செய்து வைத்துக்கொள்கிறார்கள். சில ஊர்களில் திருவிழாவுக்கு இன்னிசைக் கச்சேரி வைத்துவிட்டு, கூத்தை ஒரே ராத்திரியோடு முடித்துக்கொள்கிறார்கள். அப்பா அம்மா பள்ளியை நிறுத்த விடுவதில்லை என்பது மட்டும் நல்ல மாற்றம். அதனாலேயே பையன் சனி, ஞாயிறுக்குத்தான் வேஷம் கட்ட வருகிறான்.

அந்த இரவில் கயிறு இறுக்கி முடிந்ததும் இரண்டு பேர் திரையைப் பிடித்தார்கள். திரைக்குப் பின்னாலிருந்து அவள் விருத்தத்தை எடுத்தாள். முன்வரிசையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த ஒரு கிழவி பக்கத்தில் இருந்தவளிடம், "பொண்ணா பாடுது?" என்று கேட்டாள். திரை விலகியது. கட்டையோடு அந்தத் துரியோதனன் சுழன்றபோது எதுவும் ஆடவில்லை. கிழவி சாக்கை இழுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.