பூமி கூறும் சாட்சியம்

அவிநாசி வட்டாரத்தில் சன்னல்கள் திடீரென அதிருமாயின், ‘கல்குவாரி வெடியோ, பூகம்பமோ?’ என்று ஜனங்கள் வினவுவது நியாயமே. 1900-ம் வருஷம் பிப்ரவரி 8-ந் தேதி கோயம்புத்தூரை உலுக்கிய பூகம்பம், பின்னாளில் ஏறத்தாழ 6 அளவுள்ளதென மதிப்பிடப்பட்டது. ஆதலின் கொங்கு நாட்டார் இவ்வினாவை அலட்சியம் செய்தற்கில்லை.

இதற்கு விடை பகர்வது பூகம்பமானி. வெடியானது ஒரு புள்ளியினின்று எத்திசையும் வெளியே தள்ளும். ஆகவே முதல் அலை எங்கும் மேல்நோக்கியே பதியும். பூகம்பத்திலோ பாறைகள் ஒன்றன்மீதொன்று வழுக்குகின்றன. அதனால் சில திசைகளில் தள்ளலும், சில திசைகளில் இழுப்பும் பதியும். பின்வரும் குறுக்கலைகளும் ஓங்கி நிற்கும். ஆழமும் ஒரு சாட்சி. பத்து கிலோமீட்டருக்குக் கீழே வெடி வைக்க மனிதரால் ஆகாது.

எனினும், சிற்றதிர்வை ஒரே நிலையத்தின் பதிவைக் கொண்டு தீர்மானித்தல் அரிது. பல கருவிகள் ஒத்துரைக்க வேண்டும். இக்காரணம் பற்றியே கர்நாடகத்துக் கௌரிபிதனூரில் 1965-ல் கருவிகள் வரிசையாக நிறுவப்பட்டன. அந்நிய நாடுகள் பூமிக்கடியில் நடத்தும் அணுகுண்டுச் சோதனைகளைக் கண்டறிவது அவற்றின் முக்கிய நோக்கம்.

வல்லரசுகளின் இரகசியத்தை வெளியாக்கும் அறிவு, ஏழைக் குடியானவன் வீட்டுச் சுவருக்கும் சாட்சி சொல்ல வேண்டாமா? குவாரிகள் வெடிவைக்கும் நேரத்தையும் மருந்தின் அளவையும் ஊரார் அறிய முன்னரே அறிவித்தல் வேண்டும். அதனைக் கருவியின் பதிவோடு ஒப்பிட்டால் வதந்தியும் ஒழியும், மறைப்பும் ஒழியும். அன்பர்கள் ஊர்தோறும் இதனை வற்புறுத்துவார்களாக!